தோல்விக்குப் பொறுப்பேற்காதவர்கள்



போரில் தோற்றுப்போன ஒரு நாட்டில், வெறுப்பையே கொள்கையாகக் கொண்ட ஒரு மனிதன் எப்படி ஆட்சிக்கு வருகிறான்? இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுதான். நாடு ஜெர்மனி. காலம் 1918 முதல் 1934 வரை. மனிதன் அடால்ஃப் ஹிட்லர்.

இந்தப் பொருளை ஏன் எடுத்தேன்? நம்மூர்ப் புத்தகக் கண்காட்சிகளுக்குப் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். ஹிட்லரைப் பற்றிய புத்தகங்கள் தமிழில் பல கடைகளில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. இளைஞர்கள் எடுத்துப் புரட்டுகிறார்கள், வாங்கிப் போகிறார்கள். அவர்களிடம் பேசிப் பார்த்தால் இரண்டு பதில்கள் கிடைக்கின்றன. பேச்சாற்றலால் ஒரு தேசத்தையே கட்டிப்போட்ட ஆள் அவன் என்கிறார்கள் சிலர். மக்களே ஓட்டுப் போட்டுத்தானே கொண்டுவந்தார்கள், அவனை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும் என்கிறார்கள் வேறு சிலர். இந்த இரண்டு பதில்களும் சரியில்லை என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். அவன் ஆட்சியைக் கைப்பற்றவில்லை. பெரும்பான்மை மக்கள் அவனுக்கு ஆட்சியைத் தரவும் இல்லை. சிலர் எடுத்துக் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் யார்? 1918இல் முதல் உலகப் போரில் தோற்றவர்கள். தோற்றதை ஒப்புக்கொள்ள மறுத்தவர்கள்!

ஒரே ஒரு பெயரை மட்டும் இப்போதே மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்: பீல்டு மார்ஷல் பால் ஃபான் ஹிண்டன்பர்க். இந்தக் கதை முழுவதும் அவருடைய கை வரும்.

1918 செப்டம்பர் 29. பெல்ஜியத்தில் ஸ்பா என்ற ஊர். ஜெர்மன் ராணுவத்தின் தலைமையகம் அங்கேதான் இருந்தது. தலைமைத் தளபதி ஹிண்டன்பர்க்கும் அவருக்கு அடுத்த இடத்திலிருந்த லூடன்டார்ஃபும் மன்னர் கைசரிடம் போய், இனிப் போரிட முடியாது, உடனே போர்நிறுத்தம் கேட்க வேண்டும் என்றார்கள். கவனியுங்கள், கேட்டவர்கள் தளபதிகள். அமெரிக்கப் படைகள் மாதந்தோறும் லட்சக்கணக்கில் பிரான்சில் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. ஜெர்மன் வீரன் அரை வயிற்றோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். போர் முடிந்துவிட்டது என்பது தளபதிகளுக்குத்தான் முதலில் தெரியும்.

அடுத்து லூடன்டார்ஃப் செய்த காரியம்தான் பின்னால் வந்த அத்தனைக்கும் விதை. இந்த நிலைமைக்கு நம்மைக் கொண்டுவந்தவர்கள் அரசியல்வாதிகள்தான், அவர்களே ஆட்சிக்கு வரட்டும், சமாதானத்தையும் அவர்களே செய்துகொள்ளட்டும் என்று தன் அதிகாரிகளிடம் சொன்னார். இரண்டு ஆண்டுகள் நாட்டைச் சர்வாதிகாரி போல நடத்தியவர் அவர். தோல்வி வாசலுக்கு வந்ததும், அதுவரை அதிகாரத்தின் பக்கமே விடாமல் தள்ளி வைத்திருந்த ஜனநாயகக் கட்சிகளைக் கூப்பிட்டுப் பழியை அவர்கள் தலையில் வைத்தார்.

நவம்பர் 11. பிரான்சில் கொம்பியேன் காடு. ஒரு ரயில் பெட்டிக்குள் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. ஜெர்மனி சார்பில் தலைமை தாங்கிக் கையெழுத்திட்டவர் யார்? பீல்டு மார்ஷலா? இல்லை. மத்தியாஸ் எர்ஸ்பெர்கர் என்ற அரசியல்வாதி. கத்தோலிக்க மையக் கட்சிக்காரர். நிபந்தனைகளைத் தளர்த்த முடியாமல் போனாலும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்று அவருக்குத் தந்தி வந்தது. அனுப்பியவர் ஹிண்டன்பர்க்! தந்தி அவருடையது, கையெழுத்து எர்ஸ்பெர்கருடையது. நாடு நினைவில் வைத்துக்கொண்டது கையெழுத்தைத்தான். 1921 ஆகஸ்டில் கருங்காட்டுப் பகுதியில் நடந்து போய்க்கொண்டிருந்த எர்ஸ்பெர்கரைத் தீவிர தேசியவாதிகள் சுட்டுக் கொன்றார்கள்.

இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1945 மே மாதத்தில் ஜெர்மனி மறுபடி சரணடைந்தபோது, பெர்லினில் கையெழுத்துப் போட்டவர் பீல்டு மார்ஷல் கைட்டல். முதல் முறை நடந்த தவறு இரண்டாம் முறை நடக்கவில்லை. ஆனால் அதற்குள் கோடிக்கணக்கான உயிர்கள் போயிருந்தன.

1918க்கே திரும்புவோம். அந்த நவம்பரில் சாதாரண ஜெர்மானியனுக்கு என்ன தெரியும்? அவன் படைகள் அப்போதும் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் நின்றுகொண்டிருந்தன. பெர்லினில் ஒரு எதிரிச் சிப்பாயைக்கூட அவன் பார்த்ததில்லை. அந்த ஆண்டு மார்ச்சில்தான் ரஷ்யாவைப் பணிய வைத்து ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். வெற்றி, வெற்றி என்றே பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. திடீரென்று ஒரு நாள் எல்லாம் முடிந்தது, மன்னர் ஹாலந்துக்கு ஓடிவிட்டார் என்கிறார்கள். இருபது லட்சம் வீரர்கள் செத்திருக்கிறார்கள். வீட்டில் இருந்தவர்கள் பஞ்சத்தில் டர்னிப் கிழங்கைத் தின்று ஒரு குளிர்காலத்தைக் கடத்தியிருக்கிறார்கள். இத்தனையும் எதற்காக என்று கேட்டவனுக்கு யாராவது உண்மையைச் சொன்னார்களா?

யாரும் சொல்லவில்லை. புதிய குடியரசின் தலைவர் ஃபிரீட்ரிக் ஏபர்ட் நல்ல மனிதர், சோஷலிஸ்ட், போரில் இரண்டு மகன்களைப் பறிகொடுத்தவர். டிசம்பரில் பெர்லினுக்குத் திரும்பிய படைகளை வரவேற்றபோது அவர்கூட, எந்த எதிரியும் உங்களை வெல்லவில்லை என்றார். களைத்து வந்த பிள்ளைகளுக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னார். அவர் மனம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் கேட்டவன் என்ன நினைப்பான்? எதிரி வெல்லவில்லை என்றால் நாம் தோற்றது யாரால்?

அந்தக் கேள்விக்குப் பதில் 1919 நவம்பர் 18 அன்று வந்தது. தோல்வியின் காரணங்களை ஆராய நாடாளுமன்றம் அமைத்த குழுவின் முன் ஹிண்டன்பர்க் வந்தார். கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல், கையோடு கொண்டுவந்திருந்த அறிக்கையைப் படித்தார். ராணுவம் தோற்கவில்லை, அதன் முதுகில் குத்திவிட்டார்கள் என்றார். போர்நிறுத்தம் கேட்டவர் அவர். கையெழுத்துப் போடச் சொல்லித் தந்தி கொடுத்தவர் அவர். அவரே இப்போது ஒன்றும் தெரியாதவர் போல வந்து நின்று இதைச் சொன்னார்!

குத்தியது யார்? பேரைச் சொல்லவில்லை. இடத்தைக் காலியாக விட்டார். அந்த இடத்தில் அவரவர் தமக்கு வேண்டாதவர்களின் பெயரை எழுதிக்கொண்டார்கள். ஒருவன் சோஷலிஸ்டுகளை எழுதினான். ஒருவன் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளிகளை எழுதினான். யூதர்கள் என்று எழுதியவர்கள் ஏராளம்.

யூதர்கள் ஜெர்மன் மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அந்தச் சிறிய சமூகத்திலிருந்து சுமார் 1 லட்சம் பேர் ஜெர்மனிக்காகப் போர்முனைக்குப் போனார்கள். சுமார் 12,000 பேர் திரும்பி வரவில்லை. கார்ப்பரல் நிலையிலிருந்த ஹிட்லர் தன் சட்டையில் பெருமையோடு குத்திக்கொண்டு திரிந்தானே, முதல் வகுப்பு இரும்புச் சிலுவைப் பதக்கம், அதற்கு அவனைப் பரிந்துரைத்த அதிகாரி ஹூகோ குட்மன். அவர் ஒரு யூதர்.

வெர்சாய் ஒப்பந்தத்தைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. 1919 ஜூன் 28. நிலத்தில் எட்டில் ஒரு பங்கு போனது. குடியேற்ற நாடுகள் அனைத்தும் போயின. ராணுவத்தில் 1 லட்சம் பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்றார்கள். நஷ்டஈடு 13,200 கோடி தங்க மார்க் என்று 1921இல் கணக்குச் சொன்னார்கள். கடுமையான ஒப்பந்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் 1918 மார்ச்சில் ரஷ்யாமீது ஜெர்மனி சுமத்திய ஒப்பந்தம் இதைவிடக் கொடியது. அது ஜெர்மானியர்களுக்கு மறந்துபோயிற்று. வெர்சாயை ஏற்கலாமா, எதிர்த்துப் போரிட முடியுமா என்று ஏபர்ட் ராணுவத் தலைமையைக் கேட்டார். முடியாது என்பது ஹிண்டன்பர்க்குக்குத் தெரியும். ஆனால் அந்தப் பதிலைத் தன் வாயால் சொல்ல அவர் விரும்பவில்லை. துணைவர் கிரோனரைப் பதில் சொல்ல வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே போனார்.

சரி, நம் கதையின் நாயகன் எங்கே? 1918 நவம்பரில் அவன் பாசவால்க் என்ற ஊரில் ராணுவ மருத்துவமனையில் படுத்திருந்தான். நச்சுவாயுவால் கண் பாதிக்கப்பட்டிருந்தது. வயது 29. குடும்பம் இல்லை, தொழில் இல்லை. ராணுவத்தை விட்டால் போக இடமே இல்லை. 1919 செப்டம்பரில் மியூனிக்கில் ஒரு சிறு கட்சியின் கூட்டத்தைக் கவனித்துவிட்டு வா என்று ராணுவமே அவனை அனுப்பி வைத்தது. உளவு பார்க்கப் போனவன் உறுப்பினராகி, இரண்டே ஆண்டுகளில் அந்தக் கட்சிக்குத் தலைவனாகிவிட்டான்.

அவனுக்குப் பேச வந்தது, உண்மை. ஆனால் அந்த நாட்களில் மியூனிக் பீர்க்கடைகளில் அப்படிப் பேசியவன் அவன் ஒருவன் மட்டுமா? ஊருக்கு ஊர் இருந்தார்கள். அவர்கள் எல்லோரையும் வளர்த்துவிட்டது ஒரு சூழ்நிலை. அதைப் புரிய வைக்க ஒரு கணிதப் பேராசிரியரை உங்களுக்கு அறிமுகம் செய்கிறேன்.

எமில் கும்பல் என்று ஒருவர். புள்ளியியல் அறிஞர். 1919 முதல் 1922 வரை ஜெர்மனியில் நடந்த அரசியல் கொலைகளை ஒவ்வொன்றாக எடுத்து, யார் கொன்றார்கள், நீதிமன்றம் என்ன தண்டனை கொடுத்தது என்று கணக்கெடுத்தார். இடதுசாரிகள் செய்த கொலைகள் 22. அதற்காக 10 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. வலதுசாரிகள் செய்த கொலைகள் 354. மரண தண்டனை? ஒருவருக்கும் இல்லை. அந்த 354 கொலைகளில் 326க்குத் தண்டனையே இல்லை! மன்னராட்சிக் காலத்தில் பதவிக்கு வந்த நீதிபதிகள் குடியரசிலும் அதே நாற்காலிகளில் அமர்ந்திருந்தார்கள். தேசபக்தி என்று சொல்லிக்கொண்டு கொன்றால் அவர்கள் மனம் இளகியது. கணக்கெடுத்த கும்பலுக்கு என்ன நேர்ந்தது? 1932இல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் அவர் வேலை போயிற்று.

இந்த நீதிபதிகள் முன்தான் 1924இல் ஹிட்லர் வந்து நின்றான். 1923 நவம்பர் 8 அன்று மியூனிக்கில் ஒரு பீர்க்கடைக் கூட்டத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்து, அரசு கவிழ்ந்தது என்று அறிவித்தவன் அவன். மறுநாள் ஊர்வலத்தில் துப்பாக்கிச் சூடு. அவன் ஆட்கள் பதினாறு பேர் செத்தார்கள். போலீஸ்காரர்கள் நான்கு பேர் செத்தார்கள். அந்த நான்கு காவலர்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு. நான் சொல்கிறேன், அவர்கள் கடமையைச் செய்து செத்தவர்கள். இது தேசத்துரோகக் குற்றம். அதற்கு முன்பே கலகம் செய்ததற்காகத் தண்டனை பெற்றவன் அவன். அவன் ஜெர்மன் குடிமகனும் அல்ல, ஆஸ்திரியன். நாடு கடத்தச் சட்டத்தில் வழி இருந்தது. நீதிமன்றம் என்ன செய்தது? விசாரணைக் கூண்டை மேடையாக்கி மணிக்கணக்கில் பேச விட்டது. ஐந்தாண்டுத் தண்டனை கொடுத்தது. ஜெர்மானியனாக நினைப்பவனை, ஜெர்மானியனாக உணர்பவனை நாடு கடத்தத் தேவையில்லை என்றது. 1924 டிசம்பர் 20 அன்று அவன் லாண்ட்ஸ்பெர்க் சிறையிலிருந்து வெளியே வந்துவிட்டான். கூடவே கூண்டில் நின்ற லூடன்டார்ஃபுக்கு விடுதலை.

அந்த 1923ஆம் ஆண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். போருக்கு முன் ஒரு டாலருக்கு நான்கு மார்க்குச் சொச்சம். 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4 லட்சத்து 20 ஆயிரம் கோடி மார்க்! சம்பளத்தை வாங்கிய கையோடு கடைக்கு ஓடினார்கள். மாலைக்குள் விலை ஏறிவிடும். நாற்பது ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணம் ஒரு ரொட்டிக்கு ஆகவில்லை. தேசத்துக்காக என்று சொல்லி விற்ற போர்க்கடன் பத்திரங்களை நம்பி வாங்கிய விதவைகள் நடுத்தெருவில் நின்றார்கள். ஏன் இப்படி ஆயிற்று? வரி போடாமல் கடன் வாங்கியே போரை நடத்தினார்கள், ஜெயித்து எதிரியிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில். தோற்ற பிறகு 1923 ஜனவரியில் பிரான்ஸ் ரூர் பகுதிக்குள் படையோடு நுழைந்தது. வேலைக்குப் போகாமல் எதிர்த்த தொழிலாளர்களுக்குச் சம்பளம் கொடுக்க அரசு நோட்டு அடித்துத் தள்ளியது. இதை யார் மக்களுக்கு விளக்கினார்கள்? குடியரசு வந்தது, காசு செல்லாமல் போனது. அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இப்போது ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். தோல்வி, அவமானம், பணவீக்கம், முதுகில் குத்திய கதை, இவை போதுமா ஒரு வெறியன் ஆட்சிக்கு வர? போதாது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாடப்புத்தகங்கள் வெர்சாயில் தொடங்கி நேரே ஹிட்லருக்குத் தாவிவிடுகின்றன. 1928 மே மாதம் தேர்தல் நடந்தது. தோற்றுப் பத்தாண்டுகள் ஆகியிருந்தன. ஹிட்லரின் நாஜிக் கட்சி வாங்கிய ஓட்டு எவ்வளவு தெரியுமா? 2.6 சதவீதம். பன்னிரண்டே இடங்கள்! நாணயம் நிலைப்பட்டிருந்தது. வேலை இருந்தது. மக்கள் அந்த மனிதனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

பிறகு என்ன நடந்தது? 1929 அக்டோபரில் அமெரிக்கப் பங்குச்சந்தை விழுந்தது. ஜெர்மனியின் செழிப்பு அமெரிக்கக் கடனில் ஓடிக்கொண்டிருந்த செழிப்பு. கடன் கொடுத்தவர்கள் திருப்பிக் கேட்டார்கள். ஆலைகள் மூடின. 1932 தொடக்கத்தில் பதிவு செய்துகொண்ட வேலையற்றோர் மட்டும் 60 லட்சத்தைத் தாண்டினார்கள். 1930 மார்ச்சில் சான்சலர் ஆன புரூனிங் (சான்சலர் என்றால் நம் பிரதமர் போன்ற பதவி) சம்பளத்தை வெட்டினார், உதவித்தொகையை வெட்டினார், வரியை ஏற்றினார். நாடாளுமன்றம் ஒப்பவில்லை.

இங்கேதான் நான் குறித்துக்கொள்ளச் சொன்ன அந்தக் கை மறுபடி வருகிறது. 1925இல் ஏபர்ட் இறந்த பிறகு குடியரசுத் தலைவராக மக்கள் தேர்ந்தெடுத்தது யாரை? அதே ஹிண்டன்பர்க்கை! அரசியல் சட்டத்தில் 48ஆம் பிரிவு என்று ஒன்று. நெருக்கடி நேரத்தில் குடியரசுத் தலைவர் நாடாளுமன்றத்தைக் கேட்காமல் ஆணை பிறப்பிக்கலாம். நாடாளுமன்றம் அந்த ஆணையை ரத்து செய்யலாம். 1930 ஜூலையில் ரத்து செய்தது. ஹிண்டன்பர்க் என்ன செய்தார்? ஆணையை விடவில்லை, நாடாளுமன்றத்தையே கலைத்தார். பசியும் கோபமுமாய் இருந்த நேரத்தில், கட்டாயமில்லாத ஒரு தேர்தலுக்கு நாட்டைத் தள்ளினார். செப்டம்பரில் முடிவு வந்தது. பன்னிரண்டு இடங்கள் வைத்திருந்த நாஜிகளுக்கு 107 இடங்கள்!

அதன் பிறகு நாடாளுமன்றம் பேருக்குத்தான். 1932 முழுவதும் அது இயற்றிய சட்டங்கள் 5. ஹிண்டன்பர்க் கையெழுத்திட்ட ஆணைகள் ஏறத்தாழ 60. ஹிட்லர் வந்துதான் ஜெர்மன் ஜனநாயகத்தைக் கொன்றான் என்று நினைக்கிறோம். அவன் வருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே அதன் கழுத்தை நெரித்துவிட்டார்கள்.

அவனுக்கு ஓட்டுப் போட்டவர்கள் யார்? வேலையில்லாதவர்கள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். வேலையிழந்த ஆலைத் தொழிலாளி பெரும்பாலும் கம்யூனிஸ்டுகளுக்குத்தான் போட்டான். நாஜிகளின் கோட்டை சிறு ஊர்களும் கிராமங்களும், அதிலும் வடக்கிலும் கிழக்கிலும் இருந்த புரொட்டஸ்டன்ட் ஊர்கள். கடனில் மூழ்கிய விவசாயி. பெரிய பல்பொருள் அங்காடிக்கு முன் தாக்குப்பிடிக்க முடியாத சிறு கடைக்காரர். ஓய்வூதியம் கரைந்துபோன குமாஸ்தா. இன்னும் எல்லாவற்றையும் இழக்கவில்லை, ஆனால் நாளை இழந்துவிடுவோமோ என்று நடுங்கியவர்கள். விவசாயியிடம் விவசாயியின் குறையைப் பேசினார்கள் நாஜிகள், கடைக்காரரிடம் கடைக்காரரின் குறையை. ஒன்றுக்கொன்று பொருந்தாத வாக்குறுதிகள். யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. 1932இல் ஹிட்லர் விமானத்தில் பறந்து ஒரே நாளில் பல ஊர்களில் பேசினான். அதுவரை யாரும் பார்க்காத காட்சி.

அவனுடைய முகம் மக்களுக்குத் தெரியவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். தெரிந்தது, நன்றாகவே தெரிந்தது. 1932 ஆகஸ்டில் சிலேசியாவில் போட்டெம்பா என்ற கிராமம். நள்ளிரவில் நாஜிகளின் அடியாள் படையான பழுப்புச் சட்டைக்காரர்கள் ஒரு தொழிலாளியின் வீட்டுக்குள் புகுந்து, பெற்ற தாயின் கண் முன்னால் அவரை மிதித்தே கொன்றார்கள். ஐந்து பேருக்கு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. ஹிட்லர் என்ன செய்தான்? கொலைகாரர்களைத் தோழர்களே என்று அழைத்துத் தந்தி அனுப்பினான். அந்தத் தந்தி பத்திரிகைகளில் வந்தது. நாடே படித்தது. அப்போது சான்சலராக இருந்த ஃபிரான்ஸ் ஃபான் பாப்பன் அவர்களின் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். அடுத்த மார்ச்சில் அவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். ஆக, எந்த மாதிரி ஆள் இவன் என்று தெரிந்தே கைகொடுத்தார்கள்.

எதிரணி என்ன செய்தது? சோஷலிஸ்டுகளும் கம்யூனிஸ்டுகளும் ஒருவரையொருவர் முதல் எதிரி என்றார்கள். பாசிசமும் சோஷல் டெமாக்ரசியும் இரட்டைப் பிள்ளைகள் என்பது அன்று மாஸ்கோவின் வழிகாட்டல். சோஷலிஸ்டுகளுக்கோ 1919இல் புரட்சிக்காரர்கள்மீது துணைப்படைகளை ஏவிய பழி இருந்தது. அந்தப் படைகள் கொன்ற கம்யூனிஸ்ட் தலைவி ரோசா லக்சம்பர்க்கின் ரத்தம் இருவருக்கும் நடுவில் கிடந்தது. 1932 நவம்பர் தேர்தலில் இந்த இரண்டு கட்சிகளுக்கும் சேர்த்து 221 இடங்கள். நாஜிகளுக்கு 196. கூட்டிப் பார்த்தால் அவர்களைவிட இவர்கள் அதிகம். கூட்டிப் பார்க்க ஆளில்லை! 1920இல் ஒரு ராணுவச் சதியைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தே நான்கு நாட்களில் முறியடித்தார்கள். இப்போது அந்த ஆயுதமும் இல்லை. ஆலை வாசலில் அறுபது லட்சம் பேர் வேலைக்குக் காத்து நிற்கையில் யார் வேலைநிறுத்தம் செய்வது?

அன்பர்களே, இப்போது வருவதுதான் இந்தப் பேச்சின் மையம். 1932 ஜூலையில் நாஜிகளுக்கு 37.3 சதவீதம், 230 இடங்கள். சுதந்திரமான தேர்தலில் அவர்கள் தொட்ட உச்சம் அது. நூறு ஜெர்மானியரில் அறுபத்துமூன்று பேர் அவர்களுக்குப் போடவில்லை. ஆகஸ்டில் ஹிட்லர் சான்சலர் பதவியைக் கேட்டபோது ஹிண்டன்பர்க்கே மறுத்தார். நவம்பரில் மறுபடி தேர்தல். நாஜிகள் 20 லட்சம் ஓட்டுகளை இழந்தார்கள். கட்சிக் கஜானா காலி. டிசம்பரில் கிரெகோர் ஸ்ட்ராசர் என்ற முக்கியத் தலைவர் விலகினார். புயல் ஓய்ந்தது என்று பல பத்திரிகைகள் எழுதின. அது உண்மையாகவும் ஆகியிருக்கும்.

அந்த நேரத்தில் பதவி இழந்த ஆத்திரத்தில் ஒருவர் இருந்தார், பாப்பன். தன்னை இறக்கிவிட்டுச் சான்சலர் ஆன ஜெனரல் ஷ்லைகரைப் பழிவாங்க வேண்டும். 1933 ஜனவரி 4 அன்று கொலோன் நகரில், ஷ்ரோடர் என்ற வங்கியாளரின் வீட்டில் பாப்பனும் ஹிட்லரும் ரகசியமாகச் சந்தித்தார்கள். பதினோரு நாள் கழித்து லிப்பே என்ற சின்னஞ்சிறு மாநிலத்தில் தேர்தல். ஏறத்தாழ 1 லட்சம் பேர் ஓட்டுப் போடும் மாநிலம். நாஜிகள் தங்கள் பேச்சாளர்கள் அத்தனை பேரையும் அங்கே கொண்டுபோய் இறக்கி, கொஞ்சம் ஓட்டை ஏற்றிக்காட்டி, பார், மறுபடி எழுந்துவிட்டோம் என்றார்கள். பாப்பன் அதை ஹிண்டன்பர்க்கிடம் எடுத்துச் சொன்னார். ஹிண்டன்பர்க்கின் மகனைச் சரிக்கட்டினார்கள். கிழக்கே பெருநிலம் வைத்திருந்த பிரபுக்கள், அரசு உதவிப் பணம் எங்கே போனது என்ற விசாரணைக்கு அஞ்சிக்கொண்டிருந்தார்கள். ஹிண்டன்பர்க்கும் அவர்களில் ஒருவர்தான்.

பாப்பனின் கணக்கு என்ன? அமைச்சரவையில் ஹிட்லரையும் சேர்த்து நாஜிகள் மூன்றே பேர். மற்ற இடங்கள் எல்லாம் பழைமைவாதிகளுக்கு. துணைச் சான்சலர் பாப்பன். பொருளாதாரம் பத்திரிகை முதலாளி ஹூகன்பெர்க்குக்கு. இரண்டே மாதத்தில் ஹிட்லரை மூலையில் ஒதுக்கிவிடலாம் என்று பாப்பன் நண்பர்களிடம் சொன்னார். அந்த ஆளின் கூட்டத்தை நாம் பயன்படுத்திக்கொள்ளலாம், தொழிற்சங்கங்களை ஒடுக்கலாம், நாடாளுமன்றத்தை முடக்கலாம், பிறகு அவனை வெளியே தள்ளலாம்! புலிமேல் சவாரி போகிறவன், தான் போகும் ஊருக்குப் புலி வரும் என்று நினைத்தான்.

1933 ஜனவரி 30. காலையில் ஹிட்லர் பதவியேற்றான். நியமனம் செய்த கை ஹிண்டன்பர்க்கின் கை.

அதிலிருந்து 52 நாட்கள். வேகமாகச் சொல்லிவிடுகிறேன், அவர்களும் வேகமாகத்தான் செய்தார்கள். பிரஷ்யா மாநிலத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசை முந்தைய ஜூலையிலேயே பாப்பன் கலைத்திருந்தார். அதனால் நாட்டின் மிகப் பெரிய போலீஸ் படை இப்போது நாஜி அமைச்சர் கோரிங்கின் கைக்கு வந்தது. பழுப்புச் சட்டைக்காரர்கள் துணைப் போலீஸ் ஆனார்கள். நேற்றுவரை தெருவில் அடித்தவன் இன்று கையில் பட்டை கட்டிக்கொண்டு அடித்தான். பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே ஓர் ஆணை: பேச்சுரிமை இல்லை, பத்திரிகை உரிமை இல்லை, கூட்டம் கூடும் உரிமை இல்லை, காரணம் சொல்லாமல் சிறைவைக்கலாம். அதில் கையெழுத்திட்டவரும் ஹிண்டன்பர்க்தான். நாஜி ஆட்சி முடியும்வரை, பன்னிரண்டு ஆண்டுகள், அந்த ஆணை அமலில் இருந்தது.

இத்தனை அடக்குமுறைக்கு நடுவில் மார்ச் 5 அன்று தேர்தல் நடந்தது. அப்போதும் அவர்களுக்கு 43.9 சதவீதம்தான்! பாதிகூட இல்லை. மார்ச் 22 அன்று தாகாவ் முகாமில் முதல் கைதிகளைக் கொண்டுபோய் அடைத்தார்கள். மார்ச் 23 அன்று கிரோல் இசையரங்கில் நாடாளுமன்றம் கூடியது. அமைச்சரவையே சட்டம் இயற்றலாம் என்ற மசோதா. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். கம்யூனிஸ்டுகளின் 81 உறுப்பினர்களை உள்ளேயே விடவில்லை. சுவரோரம் முழுக்கப் பழுப்புச் சட்டைகள். கத்தோலிக்க மையக் கட்சி, ஆம், கொலையுண்ட எர்ஸ்பெர்கரின் கட்சி, சில வாய்மொழி உறுதிகளை நம்பி ஆதரித்து ஓட்டுப் போட்டது. மேற்கு ஜெர்மனிக்குப் பின்னாளில் முதல் குடியரசுத் தலைவரான தியோடோர் ஹாய்ஸ், நல்ல கல்விமான், அவரும் ஆதரித்து ஓட்டுப் போட்டார். எழுந்து நின்று எதிர்த்துப் பேசியவர் ஒருவர்: சோஷலிஸ்ட் தலைவர் ஓட்டோ வெல்ஸ். எங்கள் சுதந்திரத்தைப் பறிக்கலாம், உயிரைப் பறிக்கலாம், மானத்தைப் பறிக்க முடியாது என்றார். ஆதரவு 444. எதிர்ப்பு 94. அந்தத் தொண்ணூற்று நான்கு பேரும் சோஷலிஸ்டுகள். அவர்கள் கட்சியில் மீதிப்பேர் அதற்குள் சிறையிலோ வெளிநாட்டிலோ இருந்தார்கள்.

மூலையில் ஒதுக்குவோம் என்றவர்கள் என்ன ஆனார்கள்? ஹூகன்பெர்க் ஜூன் மாதமே பதவியை விட்டுப் போனார். ஜூலை 14இல் நாஜிக் கட்சி தவிர வேறு கட்சி கூடாது என்று சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு ஜூன் 30 அன்று ஹிட்லர் கொலைப்படையை அனுப்பினான். முன்னாள் சான்சலர் ஷ்லைகரை வீட்டில் வைத்துச் சுட்டார்கள், கூட இருந்த மனைவியையும் சுட்டார்கள். கிரெகோர் ஸ்ட்ராசரைச் சுட்டார்கள். பாப்பனின் அலுவலகத்துக்குள்ளேயே அவருடைய உதவியாளர் போசைச் சுட்டார்கள். பாப்பனுக்கு உரை எழுதிக் கொடுத்த எட்கர் யுங்கையும் கொன்றார்கள். பாப்பன் என்ன செய்தார் தெரியுமா? சில வாரங்களில், தன் ஆட்களைக் கொன்றவனின் தூதராக வியன்னாவுக்குப் போக ஒப்புக்கொண்டார்.

ஹிண்டன்பர்க் 1934 ஆகஸ்ட் 2 காலை தன் 86ஆம் வயதில் இறந்தார். அவர் இறப்பதற்கு முதல் நாளே, குடியரசுத் தலைவர் பதவியும் சான்சலர் பதவியும் ஒன்றே என்று அமைச்சரவை சட்டம் செய்து வைத்திருந்தது. அன்றே ராணுவம் முழுவதும் அணிவகுத்து நின்று புதிதாக உறுதிமொழி எடுத்தது. குடியரசுக் காலத்து உறுதிமொழியில் அரசியல் சட்டம் இருந்தது, நாடு இருந்தது. புதியதில் ஒரு மனிதனின் பெயர் மட்டும் இருந்தது: அடால்ஃப் ஹிட்லர். அவனுக்கு நிபந்தனையில்லாமல் கீழ்ப்படிவேன் என்று தளபதிகள் கையை உயர்த்திச் சொன்னார்கள். அவன் கேட்காமலேயே அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்தது ராணுவ அமைச்சகம். 1918இல் தோற்ற தளபதிகளிடம் பயின்றவர்கள் நடத்திய அமைச்சகம் அது.